துடுப்பின் மறுமுனை

முழுநிலா இரவில் மட்டக்களப்பு வாவியின் நடுவே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்த்து வைத்தால் பாடுமீனின் இசை கேட்கும். கல்லடிப் பாலத்தடியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி இது. 1848 செப்டெம்பரில் இங்கே வந்த குடியேற்றநாட்டுச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். தோணியின் பலகையில் காதை வைத்தபோது ஒலி பெரிதானது என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. 1950களில் லாங் அடிகளார் அதைப் பதிவுசெய்ய, இலங்கை வானொலி ஒலிபரப்பியது. பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த வழக்கை வாவிக்கே விட்டுவிடுவோம். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது துடுப்பு மட்டும்.

நீருக்குள் பிறந்த ஒலியின் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீர்மட்டத்தைத் தாண்டிக் காற்றுக்குள் வரும். மிச்சமெல்லாம் நீர்மட்டத்தில் மோதி உள்ளேயே திரும்பிவிடும். அதனால்தான் தோணியில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. துடுப்பு, காது போக முடியாத இடத்துக்குப் போய், அங்கே நடப்பதை அதிர்வாக வாங்கிக் கொண்டுவருகிறது. ஒரு முனையில் நீர், மறுமுனையில் மனிதர், நடுவே ஒரு மரத்தண்டு. உணரி, அதாவது சென்சர், என்று நாம் சொல்லும் கருவிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அமைப்பு இதுவே.

இனித் தோணியிலிருந்து இறங்கி ஒரு வேனில் ஏறுவோம்.

ஊசி எழும்பாத வேன்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஆள் ஏற்றும் ஒரு பழைய 'டொல்பின்' வேனை எண்ணிக்கொள்ளுங்கள். ஆனி, ஆடி மாதம். மலைநாட்டைத் தாண்டி ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறும் கச்சான் காற்று வீசுகிறது. வெளியே 35 பாகை. கல்லாறு, களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி என்று நின்று நின்று வருகிறது வேன். டாஷ்போர்டில் வெப்பமானியின் ஊசியோ காலையில் கிடந்த, குளிரைக் குறிக்கும் 'சி' எழுத்தைவிட்டு அசையவே இல்லை. சாரதி கராஜுக்குப் போகிறார்.

"ஊசி எழும்புதில்ல பாஸ். நல்லதுதானே, எஞ்சின் குளிரா இரிக்கு?"

"குளிரா இரிக்கெண்டு ஊசி சொல்லுது தம்பி. எஞ்சின் இன்னும் ஒண்டும் சொல்லல்ல."

கராஜ் பாஸ் சொன்ன இந்த ஒரு வரிக்குள் இந்த அத்தியாயம் முழுவதும் அடங்கிவிடும். ஊசிக்குச் சூடு தெரியாது. சூட்டை அது ஒருநாளும் தொட்டதில்லை. அதன் கைக்கு வந்து சேர்வது ஒரு மின்னோட்டம் மட்டுமே. அந்த மின்னோட்டம் எங்கே புறப்பட்டது, வழியில் அதற்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பதுதான் பழுது பார்ப்பது.

சூட்டை மொழிபெயர்த்த கதை

எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுழற்றும். ஏறத்தாழ இன்னொரு பங்கு புகைக்குழாயால் வெளியேறும். மிச்சத்தின் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் சுமந்துபோய் றேடியேற்றரில் இறக்கிவைக்கும். அந்த நீர் 85 முதல் 95 பாகைக்குள் இருக்கும்வரை எஞ்சின் சுகமாக ஓடும். றேடியேற்றர் மூடி உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தை மேலதிகமாக அடக்கிவைப்பதால் 100 பாகையைத் தாண்டினாலும் நீர் உடனே கொதிக்காது. ஏறத்தாழ 120 வரை தாங்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது என்பதும் இதனால்தான். அழுத்தம் நீங்கிய கணத்தில், அதுவரை அடங்கியிருந்த நீர் ஒரே பாய்ச்சலில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

சாரதி இருக்கையிலிருந்தே இந்தச் சூட்டைப் பார்க்க மனிதர் பல வழி தேடினார்கள். 1912இல் அமெரிக்காவில் ஹரிசன் பொய்ஸ் காப்புரிமை பெற்ற 'மோட்டோமீற்றர்', றேடியேற்றர் மூடியின் மேல் நட்டுவைத்த ஒரு வெப்பமானி. சாரதி முன்கண்ணாடி வழியே அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பிறகு, ஈதர் அடைத்த சிறு குமிழை எஞ்சினில் செருகி, அதிலிருந்து மெல்லிய செம்புக்குழாயை டாஷ்போர்டு வரை இழுத்தார்கள். சூட்டில் ஈதரின் ஆவி அழுத்தம் கூடும். 1849இல் பிரான்சின் எஜேன் பூர்டோன் கண்டுபிடித்த வளைகுழாய், உள்ளே அழுத்தம் கூடக்கூட நிமிரும். நிமிரும் குழாய் ஊசியைத் தள்ளும். நன்றாகத்தான் வேலைசெய்தது. குழாய் ஓரிடத்தில் நசுங்கினால் மட்டும் எல்லாம் போயிற்று.

இன்று எஞ்சினில் இருப்பது வெப்பத்தடையி. 1833இல் மைக்கேல் ஃபரடே, வெள்ளி சல்பைட்டைச் சூடாக்கினால் அதன் மின்தடை குறைவதைக் கவனித்தார். அக்காலத்துக்கு இது விசித்திரம். உலோகங்கள் சூடானால் தடை கூடுவதைத்தான் எல்லோரும் கண்டிருந்தார்கள். உலோகத்தில் கட்டற்ற இலத்திரன்கள் ஏற்கனவே நிறைய உண்டு. சூடேறினால் அணுக்கள் கூடுதலாக அதிர்ந்து அவற்றின் வழியை மறிக்கும், அவ்வளவுதான். வெள்ளி சல்பைட் போன்ற குறைகடத்தியிலோ இலத்திரன்கள் கட்டுண்டு கிடக்கின்றன. சூடு அவற்றை அவிழ்த்துவிடுகிறது. சூடு கூடக்கூட அவிழ்ந்தவை பெருகும், தடை சரியும். 1930இல் சாமுவேல் ரூபன் இதை விற்பனைக்குரிய பொருளாக்கினார். மங்கனீசு, நிக்கல், கோபால்ற்று ஆகியவற்றின் ஒட்சைட்டுகளைக் கலந்து சுட்டெடுத்த ஒரு சிறு வில்லை, பித்தளைக் கூட்டுக்குள் அடைபட்டு இன்று எஞ்சின் நீரில் மூழ்கியிருக்கிறது.

கல்லடி உப்போடையில் சமாதி கொண்டிருக்கும் சுவாமி விபுலாநந்தர் இளமையில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூல், கேட்கும் சுரத்தை நரம்பின் நீளக் கணக்காக மாற்றிப் பார்க்கிறது. சுரத்தை யாரும் நேரே அளக்க முடியாது, நீளத்தை அளக்கலாம். சூட்டை நேரே அளக்க முடியாது, தடையை அளக்கலாம். அளவை என்பதே இப்படி ஒன்றை இன்னொன்றாக மொழிபெயர்ப்பதுதான். பழைய டாஷ்போர்டு மீற்றரில் இந்த மொழிபெயர்ப்பு இரண்டு தடவை நடக்கிறது. எஞ்சினின் சூடு மின்னோட்டமாகிறது. அந்த மின்னோட்டம் மீற்றருக்குள் ஒரு நுண்கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது. அந்தச் சின்னச் சூட்டில் ஈருலோகப் பட்டை வளைந்து ஊசியை நகர்த்துகிறது. சாவியைத் திருப்பியதும் ஊசி துள்ளாமல் மெல்ல மெல்ல எழும்புவது அந்தப் பட்டை சூடேற நேரம் எடுப்பதால்தான்.

மொழிபெயர்ப்பு எத்தனை தடவை நடக்கிறதோ, பிழை புகவும் அத்தனை வாசல்.

சங்கிலியை நடுவில் வெட்டு

பாஸ் முதலில் சென்சரைக் கழற்றுவதில்லை. எஞ்சின் ஆறியபின் நீர்மட்டத்தைப் பார்க்கிறார். பிறகு சாரதியிடம் கேட்கிறார்: "டீசல் காட்டுற ஊசி சரியா?" பல பழைய வாகனங்களில் எரிபொருள் ஊசிக்கும் வெப்ப ஊசிக்கும் மின்னழுத்தத்தை நிலைப்படுத்தி வழங்கும் உறுப்பு ஒன்றே. இரண்டு ஊசியும் சேர்ந்து பிழைத்தால் பழுது டாஷ்போர்டுக்குள். வெப்ப ஊசி மட்டும் பிழைத்தால் மேலே போகலாம்.

ஊசி பொய் சொல்கிறது என்று முடிவுகட்டுமுன் அது உண்மை சொல்கிறதா என்றும் கேட்கவேண்டும். பேரீச்சை மரங்கள் நிற்கும் காத்தான்குடிப் பிரதான வீதி நெரிசலில் ஏறி, வெளியே வேகமாக ஓடும்போது இறங்கும் ஊசி பொய் சொல்லவில்லை. விசிறி சுழலவில்லை என்று முறையிடுகிறது. நேர்மாறாக, நெரிசலில் நடுவில் நின்று, திறந்த வீதியில் 'சி' பக்கம் சரிந்தால், 80 பாகைக்குச் சற்று மேலே திறக்கவேண்டிய தெர்மோஸ்டற் எப்போதும் திறந்தபடியே சிக்கியிருக்கக்கூடும். இவற்றுக்குச் சென்சர் மாற்றினால் காசுதான் போகும்.

நம் வேனில் ஊசி அசைவதே இல்லை. சென்சர், வயர், மீற்றர் என மூன்று கண்ணி. எது அறுந்தது? மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதைவிட, சங்கிலியை நடுவில் வெட்டி, எந்தப் பாதியில் பழுது என்று கேட்பது மேல். வெட்டும் இடம், சென்சரின் தலையில் வயர் செருகும் இடம்.

சாவியைப் போட்டுவிட்டு அந்த வயரைக் கழற்றினால் பாதை அறுபடும், தடை எல்லையற்றது, ஊசி 'சி'யில் கிடக்கவேண்டும். அப்போதும் சூட்டைக் குறிக்கும் 'எச்'சில் நின்றால் வயர் எங்கேயோ உரசி வெறுமையாகி உடலைத் தொடுகிறது. நம் வேனின் ஊசி ஏற்கனவே 'சி'யில் கிடப்பதால் மறுபக்கச் சோதனை வேண்டும். கழற்றிய வயரின் முனையை ஒரு சிறு பல்ப் வழியாக எஞ்சின் உடலில் தொடுகிறார் பாஸ். நேரே தொட்டால் மீற்றரின் நுண்கம்பி கருகக்கூடும் என்பதால் பல்ப். ஊசி மெல்ல எழும்புகிறது. மீற்றரும் வயரும் நலம் என்று அர்த்தம். குற்றம் இந்தப் பக்கம்: சென்சரில், அல்லது அது எஞ்சினைத் தொடும் இடத்தில்.

கணினி உள்ள புதிய கார்களில் இப்படி வயரை உடலில் தொட்டுப் பார்க்கக்கூடாது. அங்கே சென்சருக்கு இரண்டு வயர். கணினி ஒரு நிலையான தடையி வழியாக 5 வோல்ட் அனுப்பி, சென்சரில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும். வயர் அறுந்தால் முழு 5 வோல்ட்டும் நிற்கும். கணினி அதைப் பெருங்குளிர் என்று படிக்கும். ஸ்கேனரைச் செருகினால் கச்சான் வீசும் மதியத்தில் −40 பாகை என்று காட்டுவதும், பி0118 என்ற குறியீடு விழுவதும் இதனால்தான். இரு வயரும் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் எதிர்மாறு: பி0117, எரியும் எஞ்சின். இங்கே பொய் ஊசியோடு நிற்பதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று நம்பும் கணினி பெற்றோலைக் கூட்டி ஊற்றும்; புகை கறுக்கும்; செலவு ஏறும்.

உப்பு எந்தப் பக்கம் பொய் சொல்லும்?

பாஸ் சென்சரின் தலையை ரோர்ச் வெளிச்சத்தில் பார்க்கிறார். பித்தளைத் தலையில் பச்சை பூத்திருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி. எழுவான்கரையின் வீதி இரண்டு உப்புநீருக்கு நடுவே ஓடுகிறது. வாவியோ 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. அலை உடைந்து காற்றில் கலக்கும் நுண்ணுப்பு எஞ்சின் மூடிக்குக் கீழேயும் படிகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையும். இங்கே இரவுகளில் அது வெகு சாதாரணம். ஆகவே நிறுத்திவைத்த வேனின் ஒவ்வொரு வயர் முனையிலும் இரவோடிரவாக ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் உருவாகிச் செம்பைத் தின்னும். பச்சையாகப் பூக்கும் அந்தக் கழிவு மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது.

இந்தப் பூப்பு சென்சரின் தடையோடு வரிசையாகச் சேர்கிறது. அதாவது தடையைக் கூட்டுகிறது. கூடிய தடையை ஊசி எப்படிப் படிக்கும்? குளிர் என்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் கூர்மையாகும். 30 பாகையில் 260 ஓம், 100 பாகையில் 30 ஓம் காட்டும் ஒரு சென்சரை வைத்துக்கொள்வோம். பூப்பு 20 ஓம் சேர்க்கிறது. காலையில் 260 என்பது 280 ஆகும். ஊசி இரண்டு பாகைகூடப் பிசகாது, யாரும் கவனிக்கமாட்டார்கள். எஞ்சின் 100ஐத் தொடும்போதோ 30 என்பது 50 ஆகிறது. 50 ஓம் என்பது அந்தச் சென்சரின் மொழியில் ஏறத்தாழ 80 பாகை. நிஜச் சூடு நூறு, ஊசி சொல்வது எண்பது.

கடலோரத்தின் உப்பு குளிர்ச்சியின் பக்கமாகவே பொய் சொல்கிறது. அதிலும், சூடு கூடக்கூடப் பொய் பெரிதாகிறது. எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் ஊசி ஆறுதல் சொல்கிறது.

ஒரு வயர் சென்சர், தன் மரை வழியாகத்தான் எஞ்சின் உடலைத் தொட்டு மின்சுற்றை முடிக்கிறது. அந்த மரையில் துரு இருந்தாலும், நீர் ஒழுகாமலிருக்க யாரோ வெள்ளை நாடாவைத் தடிப்பாகச் சுற்றியிருந்தாலும் விளைவு அதேதான்: கூடுதல் தடை, பொய்க் குளிர். ஆகவே பாஸ் புதுச் சென்சருக்கு ஆள் அனுப்புமுன் தலையைத் தூரிகையால் தேய்த்துப் பார்க்கிறார். பல வேன்களுக்கு இதுவே போதும். நம் வேனுக்குப் போதவில்லை.

கேத்தல் ஒரு ஆய்வுகூடம்

கழற்றிய சென்சர் கெட்டதுதானா என்று அறிய ஒரு கேத்தலும் மல்டிமீற்றரும் போதும். சென்சரின் மூக்கை மட்டும் நீரில் அமிழ்த்தி, தலைக்கும் உடலுக்கும் இடையே தடையை அளந்தபடி நீரைச் சூடாக்கவேண்டும். எண் தொடர்ந்து, தடங்கலின்றி இறங்கவேண்டும். கணினிக் கார்களின் இருவயர்ச் சென்சர்கள் பல 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 பாகையில் சில நூறு ஓமும் காட்டும். அங்கே அளப்பது இரு முனைகளுக்கும் இடையே. சரியான அட்டவணை அந்தந்த வாகனத்தின் கைநூலில் இருக்கும். எண் இறங்காமல் நின்றாலோ, நடுவில் துள்ளினாலோ வில்லையில் வெடிப்பு.

இந்தச் சோதனைக்கு மட்டக்களப்பு ஒரு வசதி செய்துவைத்திருக்கிறது. கடல்மட்டத்தில் இருப்பதால் இங்கே கொதிக்கும் நீர் நம்பகமாக 100 பாகை; தனியே வெப்பமானி தேவையில்லை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அதே கேத்தல் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே 100 என்று எண்ணிச் சோதித்தால் நல்ல சென்சரும் கெட்டதாகத் தோன்றும்.

மாற்றும்போது

மாற்றுவது அரை மணிநேர வேலை, கவனம்தான் பெரிது. எஞ்சின் முழுவதும் ஆறவேண்டும். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, சென்சரின் மட்டத்துக்குக் கீழே நீர் இறங்கும் அளவுக்குக் கொஞ்சம் வடிக்கவேண்டும். பழைய சென்சர் அசையாவிட்டால் மூர்க்கமாகத் திருகக்கூடாது. எஞ்சினின் அலுமினியத் தலையில் மரை போனால், சில்லறை வேலை பெரிய வேலையாகிவிடும்.

புதியது கடையில் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். மரை பொருந்துகிறது, தலையும் பொருந்துகிறது என்பதால் அது இந்த மீற்றருக்குரிய சென்சர் ஆகிவிடாது. ஜப்பானிலிருந்து வந்த ஒரே வேனுக்கு ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு தடைக் கணக்கில் சென்சர்கள் உண்டு. பிழையான கணக்குள்ள புதுச் சென்சர், கெட்டுப்போன பழையதைவிட மோசம். பழையதின் பொய்யாவது கண்ணுக்குத் தெரிந்தது. புதியது நாகரிகமாக, மாறாமல் பொய் சொல்லும். சசி இலக்கத்தைக் காட்டி வாங்குவதே வழி.

புது வாஷரோடு கையால் திருகி, பிறகு ஸ்பானரால் அளவாக இறுக்கவேண்டும். பல கார்களுக்கு 20 நியூட்டன் மீற்றர் அளவே போதும். பிறகு கூலன்ட்டும் வடிநீரும். கிணற்று நீர் வேண்டாம். கரையோர மணற் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும். அவை உள்ளே படிந்து நீருக்கும் உலோகத்துக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் ஓடாகிவிடும். கடைசியாக, எஞ்சினை ஓடவிட்டு, நீர்ப்பாதையில் அகப்பட்ட காற்றை வெளியேற்றவேண்டும். சென்சரின் மூக்கைச் சுற்றி ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் அது நீரைத் தொடாமல் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

நீருக்கு வெளியே

எல்லாக் கண்ணிகளும் சரியாக இருந்தும் ஊசி பொய் சொல்லும் ஒரு சந்தர்ப்பம் மிஞ்சியிருக்கிறது. ஏதோ ஒரு குழாய் வெடித்து நீர் முழுவதும் ஒழுகிப்போய்விட்டது. எஞ்சின் எரிகிறது. சென்சரோ இப்போது நீரில் இல்லை. வெற்று இடத்தில் தொங்குகிறது. காற்று நீரைப்போல் சூட்டைக் கொண்டுவந்து சேர்க்காது. ஆகவே ஊசி ஏறவேண்டிய அளவுக்கு ஏறாது. சிலவேளை இறங்கவும் செய்யும். சென்சர் நல்லது, வயர் நல்லது, மீற்றர் நல்லது. அது தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறது. நாம் கேட்டது வேறு.

தோணியில் இருப்பவர் துடுப்பை நீரிலிருந்து தூக்கிவிட்டுக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. வாவி பாடவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

"நாளைக்கு விடிய என்ன செய்வீங்க?" என்று கேட்கிறார் பாஸ், சாவியைச் சாரதியின் கையில் கொடுத்தபடி.

"ஊசிய பாக்கன்."

"முதல்ல மூடியத் திறந்து தண்ணிய பாருங்க. மறுகா ஊசியப் பாருங்க."